ஓதம் ஏறிய சுவரும் எட்டுக் கல்கால்களும்

வீட்டை ஒட்டிய தோட்டத்துக்குச் சங்க இலக்கியம் வைத்திருக்கும் பெயர் 'படப்பை'. எங்கள் பக்கத்தில் அதைப் 'புழக்கடை' என்பார்கள். புழை என்றால் சிறுவாயில். வீட்டின் பின்புறச் சிறுவாயிலைக் குறித்த 'புழைக்கடை' பேச்சு வழக்கில் தேய்ந்து புழக்கடையாகி, அந்த வாயிலுக்கு அப்பால் இருக்கும் நிலத்துக்கே பெயராகிவிட்டது. 'கொல்லை'யும் அப்படித்தான், முல்லை நிலத்துப் புன்செயைக் குறித்த சொல் இன்று வீட்டுக்குப் பின்னால் வந்து ஒடுங்கிக் கிடக்கிறது. இடங்களுக்கு இத்தனை பெயர் வைத்த தமிழில், தன் வீட்டுச் சுவரைத் தானே பூசிக்கொள்வதற்கும் தன் பந்தலைத் தானே கட்டிக்கொள்வதற்கும் தனிப்பெயர் எதுவும் இல்லை. எல்லோரும் செய்த வேலைக்குப் பெயர் தேவைப்படவில்லை போலும். இன்று அதற்கு டி.ஐ.ஒய். என்று மூன்று எழுத்தில் பெயர் வந்திருக்கிறது. அதற்கென்றே கடைகளும் காணொளிகளும் வந்திருக்கின்றன. அவற்றில் காட்டப்படும் கருவிகளின் விலையைக் கூட்டிப் பார்த்தால், கம்பத்தில் ஒரு கொத்தனாரை ஒரு வாரம் வேலைக்கு வைத்துக்கொள்ளலாம்.

உத்தமபாளையத்துக்கும் கம்பத்துக்கும் இடைப்பட்ட ஓர் ஊரில், தாத்தா கட்டிய ஓட்டு வீட்டில் நாங்கள் நான்கு பேர் இருக்கிறோம். செங்கல்லும் மண்ணும் சுண்ணாம்பும் சேர்ந்து நிற்கும் வீடு. அதன் மேற்குச் சுவரில் ஆளுயரத்துக்கு ஓதம் ஏறி, பூச்சு பொரிந்து, தொட்டால் உதிர்ந்தது. பார்க்க வந்த ஒப்பந்தக்காரர் சுவரை ஒருமுறை தட்டிவிட்டு, 'இடிச்சிட்டு காங்கிரீட் போட்ருங்க' என்றார். அவர் சொன்ன தொகை எங்கள் நான்காண்டு வருமானம். எங்கள் பணி தொகுப்பூதியப் பணி. கோடை விடுமுறையில் ஊதியம் இல்லை. அதைக் காட்டி எந்த வங்கியிலும் கடன் கேட்க முடியாது. மகளின் படிப்புச் செலவு வேறு முன்னால் நின்றது. 'நான் போனப்பறம் என்னத்தையாச்சும் செய்யுங்க. அதுவரைக்கும் இந்தக் கூரை இருக்கட்டும்' என்று அம்மா சொல்லிவிட்டார். ஆக, எங்கள் முன் இருந்தவை இரண்டே வழிகள்: கையால் செப்பனிடுவது, அல்லது சுவர் தானாக விழும்வரை காத்திருப்பது.

இந்தப் பள்ளத்தாக்கில் சுண்ணாம்பைப் பற்றிப் பேசத் தொடங்கினால் பேச்சு தானாகவே பெரியாறு அணைக்குப் போய்விடும். 1887இல் தொடங்கி 1895இல் முடிந்த அந்த அணையில் இன்று நாம் அறிந்த சிமெண்ட் கிடையாது. சுண்ணாம்பும், செங்கல்லைப் பொடித்த சுர்க்கியும், மணலும், கருங்கல்லும் சேர்ந்துதான் மேற்கே ஓடிய ஆற்றை மறித்துக் கிழக்கே அனுப்பின. பென்னிகுயிக்கின் பெயரை வீட்டுக்கு வீடு சொல்கிறோம். ஜனவரி 15இல் அவர் பிறந்தநாளுக்குப் பொங்கல் வைக்கிறோம். லோயர்கேம்ப்பில் 2013இல் மணிமண்டபமும் எழுந்துவிட்டது. ஆனால் அவர் பயன்படுத்திய சுண்ணாம்பைக் குழைக்கத் தெரிந்தவர்களை எங்கள் சுற்றுவட்டாரத்தில் தேடியபோது ஒரே ஒருவர்தான் கிடைத்தார். எழுபது வயதைக் கடந்த கொத்தனார். கரணையைக் கீழே வைத்துவிட்டுப் பேரனின் செல்போன் கடையில் உட்கார்ந்திருந்தார்.

அவர் வந்து பார்த்ததும் சொன்ன முதல் செய்தி எங்களுக்குப் புதிது. சுவரைக் கெடுத்தது பழமை அல்ல, சில ஆண்டுகளுக்கு முன்னர் அதன்மேல் பூசப்பட்ட சிமெண்ட் என்றார். மண்ணும் சுண்ணாம்பும் கலந்த சுவர் அடியிலிருந்து கொஞ்சம் ஈரத்தை உறிஞ்சும். அதைப் பூச்சின் வழியாகக் காற்றில் விட்டுவிடும். இறுகிய சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிடுகிறது. உள்ளே சிக்கிய ஈரம் மேலேறுகிறது; அதில் கரைந்திருக்கும் உப்பு, காயும் இடத்தில் படிகமாகி, பூச்சைப் பின்னாலிருந்து தள்ளி உடைக்கிறது. 'செவரு மூச்சு விடணும்ல' என்பதே அவருடைய விளக்கம். இதையே கட்டடப் பாதுகாப்பு அறிந்தவர்கள் விரிவாக எழுதுகிறார்கள்.

இரண்டாவது செய்தி அதைவிட முக்கியமானது. சுவரைத் தொடுவதற்கு முன்னால் நீரின் மூலத்தைத் தேடச் சொன்னார். தேடினோம். குளியலறை நீர் மேற்குச் சுவரின் காலடியை ஒட்டியே மண்வாய்க்காலில் ஓடிக்கொண்டிருந்தது. கூரையின் ஓரத்தில் உடைந்திருந்த ஓடுகளின் வழியே மழைநீரும் அதே இடத்தில்தான் இறங்கியது. ஆகவே சுவர் வேலையென்று தொடங்கியது, கூரை வேலையாகவும் தோட்ட வேலையாகவும் விரிந்தது. அந்த வரிசையை மாற்றியிருந்தால் எவ்வளவு நல்ல சுண்ணாம்பும் இரண்டு மழைக்கு மேல் நின்றிருக்காது.

கூரையிலிருந்து தொடங்கினோம். எங்கள் கூரையில் இருப்பது மங்களூர் ஓடு. பாசல் மிஷன்காரர்கள் 1865இல் மங்களூரில் முதல் ஆலையைத் தொடங்கிய பிறகு நாட்டு ஓட்டை மெல்ல மெல்ல ஓரங்கட்டிய ஓடு இது. பழைய வீடுகளை இடிக்கும் இடங்களில் நல்ல ஓடுகள் மலிவாகவே கிடைக்கின்றன. வாங்கும்போது ஒவ்வொன்றையும் விரல் மடக்கிச் சுண்டிப் பார்க்க வேண்டும். கணீரென்றால் நல்ல ஓடு, மந்தமாக ஒலித்தால் உள்ளே கீறல் இருக்கிறது. எங்கள் பள்ளத்தாக்கில் கூரைக்கு மழையைவிடப் பெரிய பகை காற்று. தென்மேற்குப் பருவக்காற்று கணவாய்களின் வழியே பாய்ந்து வருவதால்தான் தேனியைச் சுற்றிக் காற்றாலைகள் நிற்கின்றன. ஆனி, ஆடி மாதங்களில் அதே காற்று கூரையின் ஓர வரிசையைத் தூக்கிப் பார்க்கும். ஓட்டின் அடியில் உள்ள குமிழில் ஒரு துளை இருக்கும். அதில் கட்டுக்கம்பியைக் கோத்து ரீப்பரோடு முறுக்கிவிட்டால் ஓடு நகராது. இந்த வேலைக்குக் குறடு ஒன்றே கருவி. ஆனால் மேலே ஏறுவதை நாங்கள் செய்யவில்லை. ஓட்டு வேலைக்காரர் ஒருவரை ஒரு நாள் கூலிக்கு அழைத்தோம்; கீழிருந்து ஓடு எடுத்துக் கொடுத்ததும் கம்பி வெட்டியதும் நாங்கள். சிக்கனம் பேசுகிறவர்கள் ஏணியின் உயரத்தையும் மின்கம்பியையும் கணக்கில் விட்டுவிடக் கூடாது. உத்தரம் மாற்றுவதும் மின்வயர் இழுப்பதும் வீட்டில் பழகிப் பார்க்கும் வேலைகள் அல்ல.

பிறகு சுண்ணாம்பு. சூளையிலிருந்து வரும் கற்சுண்ணாம்பு, நீர் பட்டதும் கொதித்துப் பொங்கும். அதை நீற்றும்போது கண்ணை மறைத்துக்கொள்ள வேண்டும். குழந்தைகளை அண்டவிடக் கூடாது. நிறைய நீரில் நீற்றி, நாள்கணக்கில் ஊறவிட்டு, சல்லடையில் வடித்தால் வெண்ணெய் போன்ற ஒரு குழம்பு கிடைக்கும். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல் என்பது பொதுவான அளவு. அடிச்சுவரில் ஈரம் இருக்கும் என்பதால், அங்கே மணலில் ஒரு பகுதியைக் குறைத்துச் செங்கல் பொடி சேர்க்கச் சொன்னார் பெரியவர்; வெறுஞ்சுண்ணாம்பு ஈரத்தில் இறுகத் தயங்கும், செங்கல் பொடி சேர்ந்தால் இறுகும். அணையில் நிகழ்ந்ததும் இதே வேதியியல்தான். கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய நீரைக் கலவையில் ஊற்றச் சொன்னபோது மகள் சிரித்தாள். பழைய கோயில்களிலும் அரண்மனைகளிலும் பூச்சுக்கு அவை சேர்ந்திருக்கின்றன என்று தெரிந்துகொண்ட பிறகு, கடுக்காய் நசுக்கும் வேலையை அவளே எடுத்துக்கொண்டாள்.

சிமெண்டைப் போலச் சுண்ணாம்பு அவசரப்படாது. மெல்லிய பூச்சாகப் பூச வேண்டும். ஒன்று இறுகிய பிறகுதான் அடுத்தது. நாள்தோறும் நீர் தெளித்து ஈரச் சாக்கைத் தொங்கவிட வேண்டும். காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல உள்வாங்கி அது மறுபடியும் சுண்ணாம்புக் கல்லாகிறது. கல்லை எரித்துச் சுண்ணாம்பாக்கி, நீரில் கரைத்து, சுவரில் பூசி, மீண்டும் கல்லாக்குகிறோம் என்று நினைத்துப் பார்த்தால் வியப்பாகத்தான் இருக்கிறது. மேலே வெள்ளையடிக்க அதே குழம்பை நீர்க்கக் கரைத்து, வடிகஞ்சியும் சிறிது உப்பும் சேர்த்து, துளி நீலம் விட்டோம். அடிப்பட்டைக்குக் காவி. பொங்கலுக்கு முன்னால் எங்கள் ஊரில் இன்றும் சில வீடுகளில் வெள்ளையடித்துத்தான் பூளைப்பூவும் ஆவாரையும் வேப்பிலையும் சேர்த்துக் காப்புக் கட்டுகிறார்கள். மற்ற வீடுகள் பெயிண்டுக்கு மாறிவிட்டன. காப்பு மட்டும் மாறவில்லை.

பெரியவர் முதல் நாள் பூசிக் காட்டினார். இரண்டாம் நாள் எங்கள் கையில் கரணையைக் கொடுத்துவிட்டுத் திண்ணையில் அமர்ந்துகொண்டார். மாலையில் போகும்போது, 'எல்லாத்தையும் நீங்களே செஞ்சுக்கிட்டா நாங்க எங்கிட்டுப் போக, வாத்தியாரே?' என்று கேட்டார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். அந்தக் கேள்வி எங்களை விடவில்லை.

வீட்டு வேலையைத் தானே செய்துகொள்வதைப் பற்றி எழுதுகிறவர்கள் மிச்சமாகும் பணத்தை மட்டும் கணக்குக் காட்டுவார்கள். அந்த மிச்சம் யாரோ ஒருவரின் கூலி. ஒப்பந்தக்காரர் சொன்னபடி இடித்துக் கட்டியிருந்தால் பணத்தின் பெரும்பகுதி சிமெண்டுக்கும் கம்பிக்கும் போயிருக்கும். உள்ளூர்க் கைகளுக்கு அதில் ஒரு பகுதிதான். சுண்ணாம்பு வேலையில் கதை நேர்மாறானது: பொருள் மலிவு, உழைப்பு மிகுதி. அந்த உழைப்பையும் நாங்களே எடுத்துக்கொண்டால் ஊரில் யாருக்கும் எதுவும் மிஞ்சாது. இதைப் பற்றி வீட்டில் இரண்டு இரவுகள் பேசினோம். எங்களால் கொடுக்க முடிந்ததற்கு ஓர் எல்லை இருந்தது. அவர் உடலால் செய்ய முடிந்ததற்கும் ஓர் எல்லை இருந்தது. முடிவில், அவர் வந்து உட்கார்ந்து சொல்லித்தந்த நாள்களுக்கெல்லாம் பூசிய நாளின் கூலியையே கொடுப்பது என்று தீர்மானித்தோம். 'சும்மா ஒக்காந்ததுக்கா?' என்று முதலில் மறுத்தார். உட்கார்ந்து சொல்லித் தருவதற்குத்தானே எங்களுக்கும் சம்பளம் என்றோம். அதற்குப் பிறகு மறுக்கவில்லை. அவரோடு இரண்டு இளைஞர்களையும் வரச்சொல்லி, கடைசி மூன்று நாள்கள் சேர்ந்து பூசினோம். அவர்களில் ஒருவர் இப்போது எங்கள் தெருவிலேயே இன்னொரு பழைய வீட்டுக்குச் சுண்ணாம்பு குழைத்திருக்கிறார். அந்தக் கேள்விக்கு இது முழு விடை ஆகாது. ஆனால் கேள்வியைக் கேட்காதது போல நடந்துகொள்ளவில்லை என்ற அளவில் எங்களுக்கு ஆறுதல்.

எங்களுக்குக் கிழக்கே, தே. கல்லுப்பட்டியின் காந்தி நிகேதன் ஆசிரமத்தில் தம் இறுதி ஆண்டுகளைக் கழித்து 1960இல் மறைந்தவர் ஜே. சி. குமரப்பா. பட்டயக் கணக்கராக இருந்து காந்தியின் கிராமத் தொழில் இயக்கத்துக்கு வந்தவர். நிலைத்த பொருளாதாரம் பற்றிய அவருடைய நூல் 1945இல் வெளிவந்தது. பொருளின் விலையை மட்டும் பார்க்காமல், அந்த விலை யார் யாருடைய வாழ்வைத் தொட்டு வருகிறது என்று பார்க்கச் சொன்ன கணக்கர் அவர். எங்களுக்கு மேற்கே, மலைக்கு அந்தப்புறம் உள்ள வாகமண்ணில் 1960களில் வாழ்ந்தவர் லாரி பேக்கர். இங்கிலாந்தில் பிறந்து, காந்தியைச் சந்தித்து, பின்னர் திருவனந்தபுரத்தில் தங்கி, 2007இல் மறைந்தார். வீடு கட்டும் பொருள் கட்டுமிடத்துக்கு ஐந்து மைல் சுற்றளவில் கிடைக்க வேண்டும் என்ற காந்தியின் எண்ணத்தை வாழ்நாள் முழுதும் பிடித்துக்கொண்டவர். செங்கற்களைக் குத்துவாக்கில் வைத்து நடுவில் வெற்றிடம் விடும் சுவர்க்கட்டு முறையை அவர் பரவலாக்கினார். அதில் செங்கல் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு மிச்சமாகிறது, சூடும் குறைகிறது. இருவரையும் ஒருசேர நினைத்துக்கொள்வதில் எங்களுக்கு ஒரு பயன் உண்டு. பேக்கர் எப்படிக் குறைப்பது என்று சொல்லித் தருகிறார். குறைத்தது யாருடையது என்று குமரப்பா கேட்கிறார்.

இனி புழக்கடை. சுவரடியில் ஓடிய குளியல் நீரைத் திருப்பினால்தான் பூச்சு நிற்கும். பழைய குழாயொன்றை லேசான சரிவில் பதித்து, சுவரிலிருந்து பத்தடி தள்ளி ஒரு குழிக்குக் கொண்டுபோனோம். சரிவைப் பார்க்க ரசமட்டம் தேவையில்லை. நீர் நிரப்பிய கண்ணாடிக்குழாய் போதும், இரு முனையிலும் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும். குழியின் அடியில் உடைந்த ஓடும் செங்கல்லும், மேலே சரளையும் மணலும். சுற்றி வாழையும் கல்வாழையும் சேம்பும். சோப்பு நீர் அதிகம் சேரும் நாளில் கீரைப் பாத்திக்கு அந்த நீரை விடுவதில்லை, வாழை தாங்கிக்கொள்ளும். கூரையின் நீரைத் தகரத் தூம்பில் பிடித்துத் தொட்டிக்கும், மிஞ்சியதைக் கிணற்றுக்கும் விட்டோம். 2003இல் தமிழகம் முழுதும் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டபோது பல வீடுகளில் பெயருக்குப் பதித்த குழாய்கள் இன்று மண் மூடிக் கிடக்கின்றன. அவற்றைத் தோண்டித் துப்புரவு செய்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

லோயர்கேம்ப்பிலிருந்து பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோக நிலம் பெரியாற்று நீரை நம்பியிருக்கிறது. நீர்மட்டம் 136 அடியா, 142 அடியா, 152 அடியா என்று பேசாத தேநீர்க்கடை இங்கே இல்லை. 142 அடிக்கு உச்ச நீதிமன்றம் 2014இல் அனுமதி தந்த நாளில் ஊர்களில் வெடி வெடித்தார்கள். அவ்வளவு நீருணர்வுள்ள ஊரில் குளியல் நீர் தெருவில் ஓடுவதை யாரும் பொருட்படுத்துவதில்லை என்பது எங்களுக்கு இன்னும் விளங்காத ஒன்று.

நீரைத் திருப்பியதும் பந்தலுக்கு இடம் கிடைத்தது. கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, இராயப்பன்பட்டிப் பக்கம் போகிறவர்கள் கல்கால்களின் மேல் விரிந்த பந்தல்களைப் பார்த்திருப்பார்கள். தோட்டத்தை மாற்றுகிறவர்கள் கல்கால்களைப் பிடுங்கி விற்பதுண்டு. அப்படி எட்டுக் கால்கள் வாங்கினோம். இரண்டடி புதைத்து ஏழடி உயரம் விட்டு நட்டோம். சுற்றிலும் தடித்த கம்பி, குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கம்பி. பந்தல் கட்டுவதன் சூட்சுமம் கால்களில் இல்லை. மூலைக்கால்களை வெளிப்புறமாக இழுத்துப் பிடிக்கும் புதைகல்லில் இருக்கிறது. அது தளர்ந்தால் காய்ப்பின் பாரத்தில் பந்தல் நடுவே தொய்ந்துவிடும். பக்கத்துத் தோட்டத்தில் கவாத்து செய்து கழித்த முற்றிய குச்சியை நான்கு கணு இருக்கும்படி வெட்டிப் பதியம் போட்டோம். பக்கக் கிளைகளைக் கிள்ளிக் கிள்ளி ஒற்றைத் தண்டாகப் பந்தலுக்கு ஏற்றி, மேலே போனதும் நுனியைக் கிள்ளி இரு கைகளாகப் பிரித்துவிட வேண்டும்.

திராட்சை படரும்வரை பந்தலைச் சும்மா விடவில்லை. பீர்க்கும் புடலையும் ஏறின. ஆடிப்பட்டம் தேடி விதைக்கச் சொல்கிறது பழமொழி. எங்கள் ஊரிலோ ஆடியில்தான் காற்று கொடியைக் கிழிக்கும். கொஞ்சம் கவனித்த பிறகு இரண்டுக்கும் முரண் இல்லை என்று தெரிந்தது. ஆடியில் ஊன்றிய விதை தரையோடு தரையாக நாற்றாக இருக்கும்போது காற்று மேலே போய்விடுகிறது. அது பந்தலைத் தொடும் புரட்டாசியில் காற்று அடங்கிவிடுகிறது. புடலங்காயின் நுனியில் சிறு கல்லைக் கட்டித் தொங்கவிட்டு நேராக்கும் வேலை அம்மாவினுடையது. வேலியோரத்தில் செடிமுருங்கை. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் உருவான பி.கே.எம்.-1 ரகத்தை விதையாகவே ஊன்றலாம். ஏறத்தாழ ஆறு மாதத்தில் காய்க்கும். செடி இரண்டரை அடி வந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் பெருகும், காற்றுக்கும் எளிதில் முறியாது.

இந்த வேலைகளின்போது ஊரார் கேட்டதில் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. 'படிச்சவங்க போயி சுண்ணாம்பு மிதிக்கிறீங்களே' என்றார்கள். அதில் அன்பு இருந்தது. அதற்கு அடியில், எந்தக் கை எந்த வேலையைத் தொடலாம் என்ற பழைய கணக்கும் இருந்தது. நாங்கள் செய்தால் சிக்கனம், விருப்பம், பழைமை மீதுள்ள பற்று என்று பெயர் வாங்குகிற அதே வேலை, காலமெல்லாம் செய்தவருக்குத் தாழ்ந்த வேலையாகவே இருந்திருக்கிறது. கரணை பிடித்த மூன்றாம் நாளில் எங்கள் விரல் இடுக்குகளைச் சுண்ணாம்பு அரித்தது. இரவில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டோம். பெரியவரின் உள்ளங்கை ஐம்பது ஆண்டுகளாக அப்படி வெடித்தே இருக்கிறது. இயற்கை வாழ்வு, எளிய வாழ்வு என்று எழுதும்போது அந்தக் கையும் நினைவில் இருக்க வேண்டும் என்பதற்காகவே இதைக் குறித்துவைக்கிறோம்.

செலவைக் கேட்பவர்களுக்கு: சுண்ணாம்பு, மணல், ஓடு, கல்கால், கம்பி, எல்லோருக்கும் கொடுத்த கூலி அனைத்தையும் சேர்த்து எங்கள் இரண்டு மாத வருமானத்துக்குள் முடிந்தது. அதில் பாதிக்கு மேல் கூலி. இரண்டு மழைக்காலங்கள் கடந்துவிட்டன. மேற்குச் சுவரின் அடியில் ஒரு முழ உயரத்துக்கு இன்னும் லேசான ஈரக்கறை தெரிகிறது. அதற்கு மேல் ஏறவில்லை. ஆண்டுதோறும் அந்தப் பகுதிக்கு மட்டும் ஒரு கை வெள்ளையடிக்க வேண்டியிருக்கும் என்று பெரியவர் சொல்லியிருக்கிறார். வரும் தை மாதத்துக்கான சுண்ணாம்பு இப்போதே தொட்டியில் நீற்றிக் கிடக்கிறது.